சேனைமேட்டுக்கு ஒரு திருத்தம்

பாப்பா,

இதைப் படித்து முடிக்கும்வரை அந்த எடிட்டிங் அறையில் யாரும் எதையும் தொடவேண்டாம் என்று சொல். டீ வாங்கிக்கொடுத்து வெளியே உட்கார வை. முடிந்தால் அவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சத்தமாகவே படி. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் நீ பிறப்பதற்கு முன்பே பஸ்ஸின் பின்படிக்கட்டில் தவறி விழுந்துவிட்டது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளில் ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து முறையும் நீ, "வாய்ஸ் ரெக்கார்டிங் போய்க்கினு இருக்குப்பா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். போனில் என்றால் பாதியைச் சிரித்துச் சொல்லி, மீதியை மழுப்பி, கடைசியில் "சாப்டியா?" என்று கேட்டு முடித்திருப்பேன். நீதான் எப்போதும் சொல்வாயே, வாயால் சொன்னால் அது தகவல், எழுதிக் கொடுத்தால்தான் ஆதாரம் என்று. ஆகவே எழுத்தில் தருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாவது முயற்சியில் தாண்டியவனின் எழுத்து இது. பிழை இருக்கும். அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். வரிசை மாறி வந்தால் அது அவள் தப்பு; மற்ற தப்பெல்லாம் என்னுடையது.

வியாழக்கிழமை காலை நீ அனுப்பிய லிங்க் வந்தது. "இன்னும் யாருக்கும் காட்டலப்பா, நீயும் அம்மாவும் பாருங்க, அடுத்த வெள்ளிக்கிழமை சேனல்ல குடுக்கறோம்" என்று எழுதியிருந்தாய். எவர்சில்வர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, நானும் அம்மாவும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். முதலில் கல்வராயன் மலை மேலிருந்து தெரிந்தது. அதில் முப்பது வருஷம் ஏறி இறங்கியவன் நான். ஆனால் மலைக்கு முதுகு இருக்கிறது, அது மேற்கே ஒருக்களித்துப் படுத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பாறை பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் வெந்து மேலே வந்தது என்று உன் குரல் சொன்னபோது அம்மா, "அடுப்பே இல்லாம எப்பிடி வெந்துச்சு?" என்றாள். அடுத்த காட்சியிலேயே நீ அதை விளக்கினாய். அம்மா கேட்கப்போவது தெரிந்து எழுதினாய் போல. அப்புறம் கறுப்புத் திரையில், 'எழுத்து, தயாரிப்பு' என்று போட்டு உன் பெயர் மட்டும் தனியாக நின்றது. நான் விரலால் நிறுத்தினேன். நிறுத்தியவனுக்கு மறுபடி ஓட்டத் தெரியவில்லை. அதனால் உன் பெயர் ரொம்ப நேரம் நின்றது. முன்பெல்லாம் பிறர் படங்களில் நீ உதவியாளராக இருந்தபோது உன் பெயர் கடைசியில் எறும்பு மாதிரி ஓடும். நான் பிடிப்பதற்குள் போய்விடும். இந்தப் பெயர் ஓடவில்லை பாப்பா. அசையாமல் நின்றது.

பதினெட்டாவது நிமிஷம்வரை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்போது சேனைமேடு வந்தது. வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டில், பச்சை போர்டு, அதற்குப் பின்னால் மேடு, மேட்டின் மேல் அந்தப் பலகைக்கல் அறைகள். அவை செத்தவர்களைப் புதைத்த பழைய கல்திட்டைகள் என்று நீ பேராசிரியரை வைத்துச் சரியாகச் சொல்லிவிட்டாய். அதில் எனக்கு வழக்கில்லை. அதற்கடுத்து உன் குரல் சொன்னது: "பெயர்கள் பொய் சொல்வதில்லை. சேனைமேடு. ஒரு சேனை, ஒரு பெரும்படை, தங்கிய மேடு." முரசு முழங்கியது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்து, "ராசாவோட பட்டத்துக் குதிரைக்குக் கண்ணு செவந்து போச்சுங்க. கண்ணத் தொறக்கல, தண்ணியா ஊத்துது. அது சரியாவறவரைக்கும் ஒரு மாசம் படையே இங்க தங்கிடுச்சு. கடுக்காய அரைச்சுக் கண்ணச் சுத்திப் பத்துப் போட்டாங்க. அதான் சேனைமேடு" என்றார். இன்னொருவர் அதையே சொன்னார். அவர் கதையில் குதிரைக்கு வெள்ளை நிறம் கூடியிருந்தது. அதற்கப்புறம் ஒரு சித்த மருத்துவரை உட்கார வைத்துக் கடுக்காயின் குணத்தை விளக்கச் சொல்லியிருக்கிறாய். ஏழு நிமிஷம். முழுசாக ஏழு நிமிஷம்.

என் கையில் இருந்த டீ ஆறிப்போனது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அந்தக் கதையை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன், என்னைப் பெரிய ஆள் என்று அவள் நினைக்கவேண்டும் என்பதற்காக.

பாப்பா, அந்தக் குதிரை நான்தான்.

முழுசாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைக்கு அப்போது ஒரே ஒரு தனியார் பஸ் ஓடியது, நான் கண்டக்டர் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அந்த மேட்டுக்கு அப்போது போர்டும் கிடையாது, நிழற்குடையும் கிடையாது. அங்கே ஒருவர் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், சேனைக்கிழங்கு போட்டார். நல்ல விளைச்சல். மூட்டை மூட்டையாக பஸ்ஸின் மேலே ஏற்றுவோம். ஏற்றுகிறவனுக்கும் இறக்குகிறவனுக்கும் கையெல்லாம் அரிக்கும். டிரைவர் அண்ணன் அந்த இடம் வந்தாலே, "சேனை மேடு வருதுடா, சொறிய ரெடியா இரு" என்பார். நானும், "சேனைமேடெல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான். கிழங்கு போட்டவர் அடுத்த வருஷம் மரவள்ளிக்கு மாறிவிட்டார். பெயர் மாறவில்லை. பஸ் நிற்கிற இடங்களுக்கு ஸ்டேஜ் பட்டியல் புதிதாக எழுதும்போது முதலாளி, "அந்த மேட்டுக்கு இன்னா பேர்ரா?" என்று கேட்டார். சொன்னேன். எழுதினார். பிற்பாடு ரோடு அகலமானபோது யாரோ பஸ்காரர்களைக் கேட்டுத்தான் போர்டு எழுதியிருக்கவேண்டும். நீ கல்வெட்டு மாதிரி கேமராவை மெதுவாகக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினாயே, அந்தப் பச்சை போர்டு.

சரி, கிழங்கு எப்படிப் படையாக மாறியது? ஒரு நாள் அந்த மேட்டுக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றுவிட்டது. இறங்கி நின்றவர்களில் வேட்டியும் கைக்கடிகாரமுமாக ஒரு சமவெளிக்காரர். படித்தவர் மாதிரி இருந்தார். "ஏம்ப்பா, சேனைமேடுன்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டார். கிழங்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் சுற்றிலும் முப்பது பேர், வெயில், தண்ணீர் எடுக்கப்போன கிளீனர் இன்னும் வரவில்லை, எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். கிழங்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த வாரம் எனக்கு மெட்ராஸ் ஐ. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று, நீர் வழிந்துகொண்டு, எல்லாரும் என் கையால் டிக்கெட் வாங்கப் பயந்த வாரம். என் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒரு ராஜாவின் குதிரைக்குக் கண் நோவு வந்தது என்று ஆரம்பித்தேன். கடுக்காய் அந்தப் பஸ்ஸில் மூட்டையாக இருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டேன். கிளீனர் தண்ணீரோடு வருவதற்குள் படை வந்து, தங்கி, சாமையெல்லாம் தின்று தீர்த்து, போய்விட்டது. கைக்கடிகாரக்காரர் கேட்டுவிட்டு, "பரவால்லையே, இவ்ளோ சரித்திரம் இருக்குதா இங்க!" என்றார். அதுவரை என்னை ஒருத்தரும் சரித்திரம் தெரிந்தவன் என்று சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் நான் முதல் முறை கோட்டை விட்ட பாடமே அதுதான். அதற்கப்புறம் பஸ் அங்கே நின்றால் போதும், "கண்டக்டரே, அந்தக் குதிரை கதைய எடுத்து வுடு" என்பார்கள். நானும் வருஷக்கணக்காக எடுத்து விட்டேன். உன்னிடம் மட்டும் எடுத்து விட்டதில்லை, நீ கேள்வி கேட்பாய்.

இப்போது உன் வேலையைப் பற்றிப் பேசவேண்டும். போன தீபாவளிக்கு வந்தபோது நீ எழுதுகிற விதத்தைக் காட்டினாய். ஒரு பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. ஓரத்தில் ஒல்லியாக மூன்றாவதாக ஒரு கட்டம். "இது இன்னா, மிச்சம் இடமா?" என்று கேட்டேன். "இதுதாம்பா சோறு போடற எடம். ஒவ்வொரு வரியையும் எனக்கு யாரு சொன்னாங்க, எதுல இருந்து எடுத்தேன்னு இதுல எழுதணும். இது காலியா இருந்தா அந்த வரி படத்துல வராது" என்றாய். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சினிமாக்காரர்கள் கற்பனைக்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன்; கற்பனை பண்ணாமல் இருப்பதற்கே ஒரு வேலை இருக்கிறது என்று என் மகளிடம்தான் தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் நீ அனுப்பியிருந்த ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தேன். சேனைமேடு வரிக்கு நேராக அந்த ஒல்லிக் கட்டத்தில், 'ஊர்ப்பெயர், உள்ளூர் வழக்கு, இரண்டு தனித்தனிச் சாட்சிகள்' என்று எழுதியிருந்தாய். பாப்பா, அந்த இரண்டு பேரும் தனித்தனி இல்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். அதில் தலைப்பாகைக்காரர் ஜன்னலோர சீட்டுக்குத்தான் எப்போதும் சண்டை போடுவார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இதை மறைத்துவிடலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க அதுதான். உன் முதல் படம். உன் பெயர் தனியாக நிற்கிற படம். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? டிரைவர் அண்ணன் இல்லை, முதலாளி இல்லை, பஸ்ஸே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே, "யாருக்கும் தெரியாதுதான். ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எல்லாம் சரியா இருக்குதுன்னு நீங்க சொன்னா, அவ கேப்பாளே, 'ஒனக்கு எப்பிடித் தெரியும்'னு. அப்ப இன்னா சொல்லுவீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி! உனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது கோமுகி அணைக்குக் கூட்டிப்போனேன். மதகு, தண்ணீர், கரும்புத் தோட்டம் என்று ஒவ்வொன்றையும் காட்டி அளந்துவிட்டுக்கொண்டே வந்தேன். நீ நின்று, "ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. "அப்பா சொல்றேன்ல, அப்பறம் இன்னா?" என்று அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன். நீ அழவில்லை. விடுவிடுவென்று நடந்துபோய் அங்கே எழுதி வைத்திருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து, "நீ சொன்னதுல மூணு தப்பு" என்றாய். வீடு வரும்வரை உன்னோடு நான் பேசவில்லை. தோற்றதற்காக ஒரு குழந்தையோடு காய் விட்ட அப்பன் நான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுத உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தேன். இயற்பியல் படித்துவிட்டு, வாத்தியார் வேலைக்குப் போகாமல் ஆவணப்படம் எடுக்கப்போகிறேன் என்று நீ சென்னைக்குக் கிளம்பினாயே, அப்போது சொந்தக்காரர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. சங்கராபுரத்து மாமா, "படம் எடுக்கறாளா? ஈரோ யாரு?" என்று சிரித்த சிரிப்பில், "அதெல்லாம் இல்ல மாமா, காலேஜ்ல லெக்சரரா இருக்கா" என்று சொல்லிவிட்டேன். நான்கு வருஷம் உன்னை லெக்சரராக வைத்திருந்தேன். ஒரு மாப்பிள்ளை வீட்டார் எந்தக் காலேஜ் என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். நீ அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. "இனிமே என்னைப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேளுப்பா" என்று மட்டும் சொன்னாய். நியாயமான பேச்சு. நான் எந்த இடத்தைப் பற்றிச் சொல்லும் முன்பும் அந்த இடத்தைக் கேட்டதில்லை, எந்த ஆளைப் பற்றிச் சொல்லும் முன்பும் அந்த ஆளைக் கேட்டதில்லை.

அதனால் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் மலைக்குப் போனோம். இந்த இடத்திலிருந்து மெதுவாகப் படி பாப்பா. நேற்றிலிருந்து நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை, அம்மாவைக் கேட்டுப் பார்.

சேனைமேட்டில் இறங்கினோம். போர்டுக்குக் கீழே இருந்த காட்டில் ஒரு அம்மா மரவள்ளிக் குச்சியை நடவுக்குத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். ராமாயி என்று பெயர். என் வயசு, அல்லது ஒன்றிரண்டு கம்மி. அம்மா தண்ணீர் கேட்டாள், கொடுத்தார். நான் உடனே என் வழக்கப்படி பாறை, மழை, விளைச்சல் என்று ஆரம்பித்தேன். அம்மா முழங்கையால் இடித்தாள். நிறுத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏம்மா, இந்த எடத்துக்கு சேனைமேடுன்னு எப்ப பேரு வந்துச்சு?"

"பஸ்ஸு வந்தப்ப."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி சிட்டக்காடு."

முப்பது வருஷம் அந்த வழியில் போனவன் பாப்பா. அந்த மேட்டுக்கு முன்னால் ஒரு பெயர் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெயரில்லாத இடத்துக்குப் பெயர் வைத்தவன் என்றுதான் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"அப்பறம் ஏம்மா அந்தப் பேர வுட்டுட்டீங்க?"

"எங்க வுட்டோம்? வூட்டுல இன்னிக்கும் அதான். பஸ்ஸுலதான் சொல்றதில்ல. ஒரு கண்டக்டரு இருந்தான்" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் வசதியாக உட்கார்ந்தார். "எனக்கு அப்ப கண்ணாலம் ஆயி ஒரு மாசம். சிட்டக்காட்டுக்கு ரெண்டு டிக்கெட்டு குடுன்னேன். 'சிட்டாவா? அதுக்கு தாலுக்கா ஆபீசுக்கு இல்ல போவணும், பஸ்ஸுல ஏன் ஏறுன?'ன்னான். பஸ்ஸே சிரிச்சுது. எங்க வூட்டுக்காரரு பக்கத்துல நின்னுக்கினு அவருஞ் சிரிக்கறாரு. 'அப்பிடி ஒரு ஸ்டேஜே இல்ல, சேனைமேடுன்னு சொல்லு, இல்லன்னா எறங்கு'ன்னான். கைல மூட்ட முடிச்சி வச்சிக்கினு எவ எறங்குவா? அதுல இருந்து எல்லாப் பொம்பளைங்களும் சேனைமேடுன்னே கேட்டு வாங்கிக்கினோம்."

அம்மா என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றாள்.

"நாந்தாம்மா அந்தக் கண்டக்டரு."

"தெரியும்" என்றார் ராமாயி. "பஸ்ஸ வுட்டு எறங்கறப்பவே தெரியும். முடிதான் போயிருக்குது. வாய் அப்பிடியே கீது."

மன்னிப்புக் கேட்டேன். "அத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? போர்ட மாத்துவியா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, குச்சியை எண்ணிக் கட்டிக்கொண்டே சொன்னார். அம்மாதான் பேச்சைத் திருப்பினாள். "சிட்டக்காடுன்னா இன்னாங்க அர்த்தம்?" என்று கேட்டாள். ராமாயி எழுந்து, எங்களைக் காட்டின் மேல்கோடிக்குக் கூட்டிப்போனார். மண்ணைக் காலால் தள்ளினார். கறுப்பாக, உருகி வழிந்து உறைந்த மாதிரி, ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பார்த்தால் வரப்பு முழுக்க அதுதான். "இதுதான் சிட்டம். தூக்கிப் பாரு, கல்லை வுடக் கனம். ஏர் ஓட்டுனா ஓட்டறவனுக்கு ஒண்ணும் ஆவாது. களை எடுக்கறப்ப எங்க கால்லதான் கிழிக்கும். அதனாலதான் பொம்பளைங்க இந்தப் பேர வுடல."

பாப்பா, நீ எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். மண்ணிலிருந்து இரும்பை உருக்கி எடுத்தால் மிஞ்சுகிற கசடு ஆயிரம் வருஷமானாலும் அழியாது, அது கிடக்கிற இடத்தில் ஒரு காலத்தில் உலை எரிந்திருக்கும் என்று. அந்த வரப்பில் நின்று, அந்த நிமிஷமே ஒரு ராஜா, ஒரு உலை, வாள் செய்கிற ஐம்பது கொல்லர்கள் என்று என் வாய்க்குள் கிடுகிடுவென்று ஒரு கதை கிளம்பியது. கடித்து நிறுத்தினேன். உண்மையாகவே நாக்கைக் கடித்தேன், இன்னும் வலிக்கிறது. அது இரும்புக் கசடா, செங்கல் சூளையில் வெந்துபோன கட்டியா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்கிறேன் பார்: எனக்குத் தெரியாது. ஒரு கட்டியை உனக்காகப் பையில் போட்டேன். பிறகு, கிடந்த இடத்திலிருந்து எடுத்தால் அது வெறும் கல்லாகிவிடும் என்று நீ யாரையோ போனில் திட்டியது ஞாபகம் வந்தது. எடுத்த குழியிலேயே வைத்துவிட்டு, அளவு தெரிய என் சீப்பைப் பக்கத்தில் வைத்து அம்மாவைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். கடைசிப் பக்கத்துக்குப் பிறகு அது வரும். முடியில்லாதவன் சீப்பு வைத்திருப்பதைப் பற்றி உன் ஆட்கள் கேட்டால் பதில் சொல்லாதே.

ஆகவே உன் படம் கெட்டுப்போகவில்லை, பெரிதாகிவிட்டது. ஏழு நிமிஷம் போகும். குதிரை போகும். சித்த மருத்துவர் போவார், பாவம், நல்லாத்தான் பேசினார். அந்த முரசும் போகும். அந்த இடத்தில் என்ன வரும் என்று நீதான் பார்க்கவேண்டும், கட்டியைச் சோதனை பண்ணத் தெரிந்தவர்களிடம் கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றால் வெள்ளிக்கிழமை கொடுக்காதே. சேனல்காரர்களிடம் என் தலையில் பழியைப் போடு. 'பெயர்கள் பொய் சொல்வதில்லை' என்கிற வரியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடு. என்னைக் காட்டவேண்டும் என்றால் காட்டு. பெயரோடு, முகத்தோடு காட்டு. அப்பன் என்று கழித்துவிடாதே. சங்கராபுரத்து மாமா பார்த்துச் சிரிப்பார், சிரிக்கட்டும். இந்தத் தடவை நடந்ததைத்தானே பார்த்துச் சிரிக்கப்போகிறார். ஒரு ஊரின் பெயரை ஒருத்தன் வாய் எப்படித் தின்றது என்பதும் சரித்திரம்தானே? அதற்கு நான் நேரடிச் சாட்சி. உன் ஒல்லிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் என் கணக்கில் வராது, அதை நீ எடுத்துக்கொள். என் மகள் படம் எடுக்கிறாள் என்று ராமாயியிடம் சொன்னேன். "பொட்டியெல்லாம் தூக்கிக்கினு வந்துச்சே, அந்தப் பொண்ணா? நான் இதே காட்டுலதான் இருந்தேன். அது எங்கிட்ட ஒண்ணுங் கேக்கல. ஆம்பளைங்ககிட்டயே கேட்டுக்கினு போயிடுச்சு" என்றார். சிட்டத்தைக் காலால் அறிந்தவர்கள் அந்தக் காட்டில் குனிந்து நின்றுகொண்டிருந்தபோது, நீ நிழலில் உட்கார்ந்திருந்த என் பழைய பிரயாணிகளிடம் மைக்கை நீட்டியிருக்கிறாய். குத்திக்காட்டவில்லை பாப்பா. என்னைப் போல ஒருவன் சிரிக்கச் சிரிக்கப் பேசினால் எந்தக் கெட்டிக்காரிக்கும் காது அந்தப் பக்கம்தான் போகும். இனிமேல் ஒரு இடத்தில் ரொம்ப நல்ல கதை கிடைத்தால், அதைச் சொல்லாமல் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருப்பது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்.

அவர் பேசச் சம்மதித்துவிட்டார். புதன்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன். மற்ற பெண்களையும் வரச்சொல்கிறேன் என்றார். நான் சந்தோஷத்தில், "சரிம்மா, நானே கூட்டிக்கினு வர்றேன்" என்றேன். "நீ வராத" என்றார். "அத மட்டும் அனுப்பு. நீ வந்தா நடுவுல பேசுவ." அம்மா சிரித்த சிரிப்பில் பஸ்ஸையே தவறவிட்டிருப்போம்.

ஆகவே செவ்வாய்க்கிழமை வந்துவிடு. மறுநாள் காலை கச்சிராயபாளையம்வரை உன்னோடு வருகிறேன், அதற்கு மேல் வரமாட்டேன். நீ வேன் எடுக்காதே. உன் ஆட்களும் பெட்டிகளும் பின்னால் வரட்டும், நீ மட்டும் பஸ்ஸில் ஏறு. கண்டக்டரிடம் சிட்டக்காட்டுக்கு ஒரு டிக்கெட் கேள். அப்படி ஒரு ஸ்டேஜே இல்லை என்பார். பஸ் சிரிக்கும். மறுபடி கேள். நான் கீழே நின்றுகொண்டிருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

அப்பா